மறைக்கும் ஒவ்வொரு வாரமும்... பதினாறு வயதுத் தாயும் வாசலில் நிற்கும் நர்சம்மாவும்!

"நர்சம்மா வர்றாங்க" என்ற குரல் கேட்டாலே, சில வீடுகளில் ஒரு பெண் பின்கட்டுக்குப் போய்விடுவாள். "எங்க வீட்ல யாரும் முழுகாம இல்லீங்களே" என்பார் வாசலில் நிற்கும் மாமியார். கிராம சுகாதார செவிலியரும் வாதாட மாட்டார். "சரிங்கம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். அடுத்த வாரமும் வருவார்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது துணை சுகாதார நிலையத்தின் கணக்கு. அங்கே பணியாற்றும் செவிலியருக்கு, எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் அத்துப்படி. அவருக்குத் தெரியாமல் மறைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் 18 வயதுகூட நிரம்பாத சிறுமிகள்தான்.

2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் 6.8 சதவிகிதம் பேர் தாயாகிவிட்டவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள். அவசரக் கல்யாணம், காதல், வெளியே சொல்ல முடியாத வன்முறை என்று அந்த எண்ணுக்குப் பின்னால் பல கதைகள் இருக்கின்றன.

பயம் எங்கே தொடங்குகிறது?

18 வயதுக்குக் கீழே இருப்பவர் குழந்தை என்கிறது போக்சோ சட்டம். அவளே சம்மதித்தாள் என்பதும், தாலி கட்டியாகிவிட்டது என்பதும் அங்கே செல்லாது. விஷயம் தெரிந்தவர்கள் தகவல் சொல்லியே ஆக வேண்டும். செவிலியரும் விதிவிலக்கல்ல. 'பையன் ஜெயிலுக்குப் போய்விடுவான்' என்ற பயத்தில்தான் வயது மறைக்கப்படுகிறது. கேட்டால், "பத்தொன்பது" என்று ஒப்பித்ததுபோலப் பதில் வரும். அதனால் அனுபவமுள்ள செவிலியர் வயதைக் கேட்பதில்லை. "எந்த வருஷம் பத்தாவது எழுதினே கண்ணு?" என்றுதான் கேட்பார்.

பிறகு, "எடை பார்க்கணும், பொண்ணு மட்டும் வரட்டும்" என்று அவளைத் தனியே அழைப்பார். "யாரைப் பார்த்தாவது பயமா இருக்கா? யாராவது அடிக்கறாங்களா?" என்று கேட்க அந்த ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். அவளை இந்த நிலைக்கு ஆளாக்கியவரே அதே வீட்டில் இருக்கலாம்.

இந்த வேலையில் மிகக் கடினமான இடம் இதுதான். தகவல் சொன்னால் அடுத்த வீட்டுக் கதவு சாத்தப்படும். சொல்லாவிட்டால் சட்டத்தை மீறியதாகும். கொடுமையில் சிக்கிய சிறுமிக்கும் வழி அடைபடும். "சட்டப்படி நான் சொல்லித்தான் ஆகணும் கண்ணு. ஆனா உன்னை விட்டுட்டுப் போக மாட்டேன், ஆஸ்பத்திரிக்கு நானே கூட வர்றேன்" என்று அவளிடமே வெளிப்படையாகச் சொல்வதுதான், நம்பிக்கை அறுந்துபோகாமல் இருக்க ஒரே வழி.

நழுவிப்போகும் வாரங்கள்

மறைப்பதால் நஷ்டமாவது நேரம். கருவைக் கலைக்க வேண்டுமென்றால், 20 வாரங்கள்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். சிறுமிகளுக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரங்கள்வரை சட்டம் அனுமதிக்கிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். அப்படி வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயர், அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இது தெரியாமலேயே பல வீடுகளில் வாரங்கள் கழிந்துவிடுகின்றன.

குழந்தையைப் பெற்றெடுப்பது என்றானாலும் நேரம் முக்கியம். வளரும் உடம்பு இன்னொரு உயிரையும் வளர்க்க வேண்டும். ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், அதனால் வரும் வலிப்பு, குறைமாதப் பிரசவம், இரண்டரை கிலோவுக்கும் குறைவான குழந்தை... இந்த ஆபத்துகள் எல்லாமே இளவயதில் அதிகம். இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்தால், "குழந்தை கறுப்பா பிறக்கும்" என்று பரணில் போட்டுவிடுவார்கள். "மலம்தான் கறுக்கும், குழந்தை இல்லை. டீயோட சேர்த்துப் போடாதே" என்று நர்சம்மா பத்தாவது முறையாகச் சொல்வார். விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்வார்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணம் பெற 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். "அவளுக்குக் கிடைச்சுது, எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்கும் சிறுமிக்குப் பதில் சொல்வது சங்கடமான வேலை. ஆனால், அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் பிரசவமும் அவளுக்கும் இலவசம்தான்.

பிரசவத்துக்குப் பிறகு...

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-வது நாள்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. குழந்தையின் எடையைப் பார்க்கும்போதே தாயின் முகத்தையும் படிப்பார் நல்ல செவிலியர். தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, காரணமில்லாமல் அழுகிறாளா? "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒதுக்கிவிடக் கூடாத கேள்விகள் இவை.

குழந்தையை வளர்க்கவே முடியாத நிலை என்றால், யாரிடமும் ரகசியமாகக் கொடுத்துவிடக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம்தான் ஒப்படைக்க வேண்டும். மனம் மாறினால் திரும்பப் பெற, தாய்க்கு இரண்டு மாத அவகாசமும் உண்டு.

குழந்தை மடியில் இருந்தால், அடுத்த பிரசவம் சீக்கிரம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். பாலூட்டும் தாய் ஆறு வாரத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். அடுத்தது படிப்பு. விட்டுப்போன பத்தாம் வகுப்பையோ பிளஸ் டூவையோ தனித்தேர்வராக எழுதலாம். பீரோவில் கிடக்கும் மார்க் ஷீட்டை எடுத்துவைக்கச் சொல்வதும் நர்சம்மாவின் வேலையில் ஒரு பகுதியாகிவிடுகிறது.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு சிறுமி இருக்கலாம். அவளைப் பற்றித் திண்ணையில் பேசுவதைவிட, 1098 குழந்தைகள் உதவி எண்ணையோ, 104 மருத்துவ ஆலோசனை எண்ணையோ அழைப்பது நல்லது. நர்சம்மாவிடம் நேரிலும் சொல்லலாம். அவமானம் ஊர் வாயில் சில மாதங்களில் பழசாகிவிடும். கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம் அத்தனை நாள் பொறுத்திருக்காது.