கோதுமைக்குள் ஒரு களவாணி

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. மார்ச் கணக்கு முடிப்பு வந்து கழுத்தைப் பிடிப்பதற்குள் ஒரு மானக்கேட்டை எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் பிறந்தது போனக்காட்டில், அகத்தியர்கூடம் அடிவாரத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில். படிச்சது பி.காம். பிழைப்பு இப்போ ஹரியானாவில், கர்னால் பக்கம் ஒரு வங்கிக் கிளையில். இங்கே வரும்வரை கோதுமையைச் சப்பாத்தியாகத்தான் தெரியும்.

ஜனவரி முதல் வாரம் பயிர்க்கடன் ஆய்வுக்குப் போனேன். வயல் பச்சைப்பசேல். முதலில் அடித்த மருந்து சரியாகக் கேட்கவில்லை, மறுபடி அடிக்கக் கூடுதலாகப் பணம் வேண்டும் என்றார் விவசாயி. "பயிர்தான் ஜோரா இருக்கே, எதுக்கு?" என்றேன். பெரியவர் குனிந்து இரண்டு செடியைப் பிடுங்கி என் கையில் வைத்தார். "இதுல கோதுமை எது, சாஹிப்?"

எனக்கு இரண்டும் ஒன்றுதான்!

அவரே காட்டினார். களையின் அடித்தண்டு இளஞ்சிவப்பு, ஒடித்தால் சாறும் சிவப்பு. கோதுமை இலை தண்டைச் சேரும் இடத்தில் இரண்டு குட்டி நகங்கள் தண்டைக் கவ்வியிருக்கும். களையில் அது இல்லை. பதிலாக, வெள்ளையாக நீண்ட ஒரு சவ்வு. ஹரியானாவில் இதற்கு மண்டூசி என்று பெயர், பஞ்சாபில் குல்லி டண்டா. கதிர் வந்துவிட்டால் யாருக்கும் தெரியும். ஆனால் மருந்தடிக்கும் காலம் அதற்குள் போயிருக்கும்.

1990-களின் தொடக்கத்தில் இங்கே ஐசோபுரோட்டுரான் என்ற மருந்து இதனிடம் தோற்றது. வருஷாவருஷம் ஒரே மருந்து அடித்ததில், அதற்குச் சாகாத செடிகள் மட்டும் மிஞ்சி விதை போட்டன. கூட்டு வட்டி மாதிரி! நின்ற கோதுமையை மாட்டுத் தீவனமாக அறுத்தவர்களும் உண்டு. பிறகு வந்த புது மருந்துகளிலும் சில அதே வழியில் போயின. பெரியவரின் பயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். தோட்டம் ஓய்ந்த பிறகும் லயத்தை விட்டு வர மாட்டேன் என்று இருப்பவர். வருஷக்கணக்காகத் தேயிலைக்கடியில் களை வெட்டிய கை.

"மேல பாத்தா எல்லாம் பச்சைதாண்டா. குனிஞ்சு அடியைப் பாக்கணும். உன்னைத் தோட்டத்துப் பக்கமே விடாம படிக்க வச்சேன்ல, அதான் தெரியல."

கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அம்மாவே கேட்டார்: "அந்த மனுசனுக்குப் பணம் குடுத்தியா?"

"நாளைக்குக் காலைல மொத வேலை அதாம்மா."