எந்த ராக்கெட்ல?

அப்பாவுக்கு பியான் போர்க், எனக்கு ரோஜர் ஃபெடரர். இருவருமே விம்பிள்டனைத் தொடர்ந்து 5 முறை வென்றவர்கள். மோதினால் யார் ஜெயிப்பார்? எங்கள் போன் பேச்சு 'சாப்டியா'வில் தொடங்கி இதில்தான் முடியும். மர ராக்கெட் என்றால் அப்பா கட்சி. இப்போதைய கிராஃபைட் என்றால் என் கட்சி.

போன வாரம் ஒரு செய்திக்காகத் துழாவியபோது சிக்கியது: 1991, மான்டி கார்லோ. ஓய்விலிருந்து திரும்பிய போர்க், எல்லோரும் கிராஃபைட்டுக்கு மாறிய பிறகும் மர ராக்கெட்டோடு இறங்கியிருக்கிறார். முதல் ஆட்டத்திலேயே ஜோர்டி அரெஸியிடம் 2-6, 3-6 என்று தோல்வி. மாட்டினார் அப்பா! ஸ்கிரீன்ஷாட்கூட எடுத்துவிட்டேன்.

அனுப்பவில்லை. ரிட்டயரான அப்பா போன மாதம்தான் மறுபடி கணக்கு எழுதும் வேலைக்குப் போய், கம்ப்யூட்டரில் பில் போட வராமல் நாலே நாளில் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்.

அன்றைக்கு ராத்திரி, "போர்க்தான்ப்பா ஜெயிப்பார்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார், "எந்த ராக்கெட்ல?"