ஒரே ஒரு மைக்

உங்களுக்கு ஒரு புதிர். பெரிய ஹால். ஏழெட்டுப் பேர் வாத்தியங்களோடு நிற்கிறார்கள். எலெக்ட்ரிக் கிடார், பேஸ் கிடார், டிரம்ஸ், அக்கார்டியன், ஃபிடில், மவுத் ஆர்கன். இத்தனைக்கும் நடுவில் ஒரு பெண் பாட வேண்டும். அவருக்கோ ரகசியம் சொல்வது மாதிரி மெலிசான குரல். பதிவு செய்யக் கையில் இருப்பது ஒரே ஒரு மைக். யாரை எங்கே நிறுத்துவீர்கள்?

1987 நவம்பர் 27-ம் தேதி, கனடாவின் டொரன்டோ நகரத்தில் ஒரு பழைய தேவாலயத்துக்குள் சில இளைஞர்கள் இந்தப் புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் இருபது சொச்சம் வயது. 'கௌபாய் ஜங்கீஸ்' என்று பெயர். பேரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். இவ்வளவு சாதுவான பாட்டுக் கோஷ்டியை நான் கேட்டதில்லை. அன்றைக்கு அவர்கள் பதிவு செய்த ஆல்பம்தான் 'தி டிரினிட்டி செஷன்'.

இந்த வகை இசைக்கு இப்போது 'அமெரிக்கானா' என்கிறார்கள். கன்ட்ரி, ப்ளூஸ், நாட்டுப்பாட்டு, சர்ச் பாட்டு எல்லாம் ஒரே சட்டியில் வெந்த பதார்த்தம். இந்தப் பெயர் பரவலானது 90-களில்தான். இவர்கள் பாடியபோது இன்ன கடையில் இன்ன அலமாரியில் வைக்கலாம் என்று சொல்ல ஒரு பெயர்கூட இல்லை.

குழுவில் நாலு பேர். கிடார் வாசித்துப் பாட்டும் எழுதுகிற மைக்கேல் டிம்மின்ஸ். டிரம்ஸுக்குத் தம்பி பீட்டர். பாடுவதற்குத் தங்கை மார்கோ. பேஸ் கிடாருக்கு மைக்கேலின் பழைய நண்பர் ஆலன் ஆன்டன். மைக்கேலும் ஆலனும் அதற்கு முன் நியூயார்க், லண்டன் என்று சுற்றி, காது கிழிய வாசித்து அலுத்துப்போய் ஊர் திரும்பியவர்கள். மார்கோ தொழில்முறைப் பாடகி இல்லை. ஏகத்துக்கும் கூச்சம். ஆரம்பக் கச்சேரிகளில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடினாராம்.

சர்ச் கிடைத்த கதை சுவாரஸ்யம். ராக் கோஷ்டி என்று சொன்னால் வாடகைக்கு விடமாட்டார்கள் என்று பயம். 'டிம்மின்ஸ் ஃபேமிலி சிங்கர்ஸ்' என்று பெயர் கொடுத்து, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு ரெக்கார்டிங் என்று சொல்லிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் பொய்யில் முக்கால்வாசி உண்மை. குழுவில் மூன்று பேர் கூடப்பிறந்தவர்கள். அன்றைக்குக் கிடார் வாசிக்க ஜான் என்று இன்னொரு சகோதரரும் வந்திருந்தார். ஃபேமிலிதானே?

அந்த ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்கும் ஒரு கதை உண்டு. 1847-ல் கட்டியது. அந்தக் காலத்தில் தேவாலய பெஞ்சுகளுக்கு வாடகை உண்டு. காசுள்ளவர்களுக்கு முன்வரிசை. இந்த சர்ச்சுக்குப் பணம் கொடுத்த இங்கிலாந்துப் பெண்மணி தன் பெயரைச் சொல்லாமல் ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: இங்கே எல்லா இருக்கையும் எல்லோருக்கும் இலவசம். 1970-களில் பக்கத்தில் ஈட்டன் சென்டர் என்ற பிரமாண்ட ஷாப்பிங் மால் வந்தபோது இடிபட இருந்து, சபையார் போராடியதால் தப்பித்தது. இன்றைக்கும் மாலின் இடுப்பருகே அடக்கமாக நிற்கிறது.

புதிருக்கு வருவோம்.

நவீன ஒலிப்பதிவின் தாரக மந்திரம் 'அப்புறம் பாத்துக்கலாம்.' ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு மைக், ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு டிராக். குரல் கம்மியா? அப்புறம் ஏற்றிக்கலாம். டிரம்ஸ் ஜாஸ்தியா? அப்புறம் இறக்கிக்கலாம். தப்பா வாசிச்சிட்டாரா? அந்த நாலு செகண்டை மட்டும் வெட்டி ஒட்டிக்கலாம். ஒரே மைக் என்றால் இந்த 'அப்புறம்' கிடையாது. மொத்த ஹாலும் அந்த ஒரு காதுக்குள் ஒரே சமயத்தில் விழுகிறது. விழுந்தது விழுந்ததுதான்.

ஒலிப்பதிவாளர் பீட்டர் மூர் கொண்டுவந்த 'கால்ரெக்' கம்பெனி மைக், நாலு பக்கச் சத்தத்தையும் திசையோடு வாங்கும் ஜாதி. அதை வைத்து முதலில் குறைந்த வாத்தியங்கள் உள்ள பாட்டை எடுத்துக்கொண்டார்கள். அதில் சிக்கல் தீர்ந்ததும் அடுத்த பாட்டு, கூடுதலாக ஒரு வாத்தியம். மார்கோவின் குரல் எடுபடவில்லை. அங்கே யாரோ விட்டுப்போன ஒரு பழைய ஒலிபெருக்கி கிடந்தது. அதன் வழியாகப் பாடவைத்தார்கள். அப்புறம் ஆரம்பித்தது நகர்த்தல். நீ ரெண்டடி பின்னால் போ. நீ கொஞ்சம் தணித்து வாசி. நீ இந்தப் பக்கம் வா. இப்படியே சுமார் ஆறு மணி நேரம். பதிவு செய்ததைவிட இடம் தேடியதுதான் அதிகம் என்று தோன்றும்.

விடை கிடைத்துவிட்டது. மெலிசான குரலை உரக்கப் பாடு என்று யாரும் விரட்டவில்லை. மற்ற அத்தனை பேரும் அந்தக் குரலுக்குக் கீழே இறங்கினார்கள்.

இந்த ஆல்பத்தின் மொத்த ரகசியமும் இதுதான். எலெக்ட்ரிக் கிடார் இருக்கிறது, ஆனால் அலறவில்லை. டிரம்ஸ் இருக்கிறது, பக்கத்து அறையில் யாரோ நடக்கிற மாதிரி. அக்கார்டியன் எங்கிருந்தோ மூச்சுவிடுகிறது. ஜெஃப் பேர்ட் என்பவர் ஃபிடில், மாண்டலின், மவுத் ஆர்கன் என்று மாற்றி மாற்றி எடுக்கிறார். எதை எடுத்தாலும் மார்கோ ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குகிற இடைவெளியில்தான் உள்ளே வருகிறார். வந்திருந்த விருந்தாளிக் கலைஞர்களில் பெரும்பாலானோருடன் முன்கூட்டி ஒத்திகைகூடக் கிடையாது. ஒருத்தர் வாசிப்பதை இன்னொருத்தர் காதுகொடுத்துக் கேட்டால் ஒழிய இது நடக்காது. நாம் கேட்பது அவர்கள் வாசித்ததை மட்டுமல்ல, அவர்கள் கேட்டதையும்.

பழைய பாட்டுகளை அவர்கள் எடுத்தாள்வதைப் பாருங்கள். 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' பாட்ஸி க்ளைன் 1957-ல் பிரபலமாக்கியது. காதலனைத் தேடி நள்ளிரவில் நடக்கும் பெண். க்ளைன் பாடும்போது நடையில் ஒரு துள்ளல் இருக்கும். மார்கோ பாடும்போது அந்தப் பெண்ணுக்குக் கால் வலிப்பது தெரிகிறது. ஹாங்க் வில்லியம்ஸ் 1949-ல் பாடிய தனிமைப் பாட்டு ஒன்றும் இருக்கிறது. 29 வயதில் செத்துப்போன மனிதரின் பாட்டு. அதை அழுகையே இல்லாமல், அழுது முடித்த மறுநாள் காலை மாதிரி பாடுகிறார்.

'ஸ்வீட் ஜேன்' தனிக்கதை. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழு 1970-ல் வெளியிட்ட ராக் பாட்டு. அந்த இசைத்தட்டில் பாட்டின் ஒரு பகுதியை வெட்டிவிட்டார்கள். இவர்கள், அதே குழு 1969-ல் மேடையில் நிதானமாகப் பாடிய பழைய வடிவத்தைத் தேடிப் பிடித்து, வெட்டுப்பட்ட பகுதியோடு பாடினார்கள். எழுதிய லூ ரீட் லேசில் யாரையும் பாராட்டாதவர். அவரே இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

எல்லாம் சரி, குறையே இல்லையா? உண்டு. நண்பர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். நாலாவது பாட்டில், "என்ன சார், மாத்திரை போட்டுட்டுப் பாடற மாதிரி இருக்கு" என்றார். முழுக்கத் தள்ளிவிட முடியாது. பன்னிரண்டு பாட்டும் ஏறக்குறைய ஒரே நடை. ப்ளூஸ் பாட்டுகள் ரெண்டு கொஞ்சம் இழுவை. காரில் ஹைவேயில் போகும்போது போடாதீர்கள், கண்ணைச் செருகும். ஆனால், உங்கள் வீட்டில் ராத்திரி பத்தரைக்கு மேல் எல்லோரும் படுத்த பிறகு என்றால் அது வேறு விஷயம்.

ஒரே நாளில் முழு ஆல்பமும் பதிவானது என்று சொல்வார்கள். ஒரு பாட்டு மட்டும் விதிவிலக்கு. அதுவும் முதல் பாட்டு, 'மைனிங் ஃபார் கோல்ட்'. சில நாள் கழித்து மாஸி ஹாலில், டொரன்டோ சிம்பொனி இசைக்குழு ஒத்திகை இடைவேளைக்குப் போன நேரத்தில், காலி அரங்கத்தில் மார்கோ மட்டும் நின்று பாடியது. ஒரு வாத்தியம் கிடையாது. ஒன்றரை நிமிடம்தான். ஜேம்ஸ் கார்டன் என்கிற கனடா நாட்டுப்புறப் பாடகரின் பாட்டு. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து இளம் வயதிலேயே சாகப்போகிற ஒரு தங்கச் சுரங்கத் தொழிலாளி பேசுகிறான்.

இதை முதல் தடவை கேட்டபோது எனக்கு டொரன்டோ ஞாபகம் வரவில்லை. கோலார் தங்கவயல் வந்தது.

என் அம்மாவின் அப்பா தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வட ஆற்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக அங்கே போனார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவர். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய சுரங்கம் அது. பாறையைத் துளைக்கும்போது பறக்கிற தூசியில் சிலிக்கா இருக்கும். கண்ணுக்கே தெரியாத அந்தப் பொடி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. உள்ளே தழும்பாகி இறுகிவிடும். சிலிகோசிஸ் என்று பெயர். அன்றைக்கும் குணப்படுத்த மருந்து கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

நான் பார்த்தபோது தாத்தா வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டார். திண்ணையில் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்திருப்பார். பேசினால் மூச்சு வாங்கும். ஒரு வாக்கியத்தை மூன்று தவணையில் சொல்வார். ஆனால், சுரங்கத்துக் கதைகளை நிறுத்தமாட்டார். கூண்டில் ஏறி இருட்டுக்குள் இறங்கியது, கீழே அடிக்கிற சூடு, பாறை திடீரென்று வெடித்துச் சரிவது. எங்கள் வீடோ சத்தக்காடு. ஏழெட்டுப் பிள்ளைகள், அலுமினியப் பாத்திரம், மாடு, ரேடியோ. தாத்தா வாயைத் திறந்தால் பாட்டி அடுப்படியிலிருந்து கத்துவாள். "ரேடியோவக் கொறைங்கடா. ஒருத்தர் பேசிட்டிருக்காரு இல்ல?"

அவ்வளவுதான். ரேடியோ தணியும். மாமா அரைக்கிற கத்தியைக் கீழே வைப்பார். சித்தி பாத்திரத்தை மெதுவாக இறக்குவாள். நாங்கள் நகர்ந்து நகர்ந்து திண்ணைக்குப் பக்கத்தில் வருவோம். தாத்தாவை உரக்கப் பேசுங்க என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. அவரிடம் இருந்த மூச்சு அவ்வளவுதான்.

தாத்தா போய்ப் பல வருஷம் கழித்து, 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கத்தை மூடினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் தோண்டிய இடம். எத்தனை டன் தங்கம் எடுத்தார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எத்தனை பேர் திண்ணையில் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்பதற்கு?

மார்கோ அந்தப் பாட்டை ஒப்பாரியாகப் பாடவில்லை. கோஷமாகவும் பாடவில்லை. மூச்சு குறைவாக இருக்கிற ஒருவன் எப்படிச் சொல்வானோ அப்படி, இருக்கிற காற்றுக்குள் அளவாகச் சொல்கிறார். அதனால்தான் வாத்தியங்கள் ஒதுங்கி நின்றது சரி என்று படுகிறது. மற்ற பதினோரு பாட்டில் தணிந்தவர்கள் இங்கே முழுக்க விலகிவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்ச்சில் நேரம் முடிந்துபோனது. ஒரு பாட்டு பாக்கி. காவலாளி கையில் 25 டாலரைக் கொடுத்துக் கூடுதலாக இரண்டு மணி நேரம் வாங்கினார்கள். 'மிஸ்கைடட் ஏஞ்சல்' பதிவானது. ஊரார் ஒப்பாத ஒருவனைக் காதலிக்கிற பெண், அம்மாவிடமும் அப்பாவிடமும் அண்ணனிடமும் எடுத்துச் சொல்கிற பாட்டு. அண்ணனும் தங்கையும் சேர்ந்து எழுதி, தங்கை பாடியது. பதிவுச் செலவு சுமார் 250 டாலர் என்கிறார்கள். 1988 தொடக்கத்தில் சொந்தமாகவே வெளியிட்டார்கள். காதோடு காதாகப் பரவி, அதே வருஷக் கடைசியில் ஆர்.சி.ஏ. என்கிற பெரிய கம்பெனி வாங்கி உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பின்னாளில் அதே சர்ச்சுக்குத் திரும்பிப் போய் அதே பாட்டுகளை நண்பர்களோடு மறுபடி பாடினார்கள். 2023-ல்கூட ஒரு புது ஆல்பம் போட்டார்கள். அதே நாலு பேர். பாட்டுக் கோஷ்டிகள் ஈகோவால் உடைகிற உலகத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஆறு மணி நேரம் ஒருத்தருக்கொருத்தர் இடம் விட்டுப் பழகினவர்கள் இல்லையா?

டிவி விவாதத்தில் ஆறு பேருக்கு ஆறு மைக். ஆபீஸ் மீட்டிங்கில் உரக்கப் பேசுகிறவர் சொல்வதே முடிவு. கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் நலம் விசாரிப்பதே கேட்பதில்லை. இங்கெல்லாம் நம்மிடம் இல்லாதது மைக் இல்லை. ரெண்டடி பின்னால் போய் நிற்க ஒரு ஆள்.

இன்றைக்கு இந்த ஆல்பத்தைக் கேட்கக் கடை கடையாக அலைய வேண்டாம். போனில் பெயரைத் தட்டினால் வருகிறது. ஒன்று மட்டும் செய்யுங்கள். குரல் சரியாகக் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றாதீர்கள். டிவியை அணையுங்கள். ஃபேனை ஒரு புள்ளி குறையுங்கள். முதல் பாட்டு ஒன்றரை நிமிஷம்தான். நடுவில் யாராவது வந்து ஏதாவது கேட்டால், கையை மட்டும் உயர்த்திச் சொல்லுங்கள்: "இரு, ஒருத்தர் பேசிட்டிருக்காரு."