விழுந்த கிளையில் குடியிருப்போர்

காட்டின் உச்சி மனிதக் கைக்கு எட்டாதது. காற்றுதான் அதைக் கீழே கொண்டுவந்து சேர்க்கிறது. குமாவுன் மலைகளின் பாஞ்ச் ஓக் காடுகளில், ஒரு பெருங்காற்று அடித்து ஓய்ந்தபின் பாதையில் கிடக்கும் முழ நீளக் கிளையில், அதுவரை எவர் கண்ணிலும் படாமல் உயரத்தில் வாழ்ந்தவை ஒட்டிக்கொண்டிருக்கும். விறகு பொறுக்க வருபவருக்கு அது ஒருவேளை அடுப்புக்கான சுள்ளி. லைக்கன்களையும் நுண்பூஞ்சைகளையும் இனம் காண்பவருக்கோ அது பல குடிகள் நெருக்கியடித்து வாழும் தெரு.

அந்தத் தெருவில் முதலில் பிரித்தறிய வேண்டியது, யார் கிளையைத் தின்கிறார், யார் அதன்மேல் வெறுமனே அமர்ந்திருக்கிறார் என்பதே. லைக்கன் என்பது தனியொரு உயிரன்று. பூஞ்சையொன்று பச்சைப்பாசியுடனோ நீலப்பச்சை நுண்ணுயிரியுடனோ சேர்ந்து நடத்தும் குடித்தனம் அது. 1860களில் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வென்டனர் இதைச் சொன்னபோது, லைக்கன் அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். லைக்கனுக்கு உணவு ஒளியிலிருந்து வருகிறது; மரப்பட்டை அதற்கு இருக்கை மட்டுமே. மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைகளுக்கோ கிளையே உணவு. ஆகவே, கிளை நிழலான தரையில் விழுந்ததும் லைக்கன் மெல்ல நலியத் தொடங்குகிறது. பூஞ்சைக்கு அப்போதுதான் நல்ல காலம் பிறக்கிறது. ஒரே சுள்ளியில் விடைபெறுபவரும் வந்துசேர்பவரும் சிலகாலம் சேர்ந்திருக்கின்றனர்.

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் போதும், பாதித் தெரு தெளிவாகிவிடும். சாம்பல் நிறப் பட்டையில் கறுப்பு மையால் கிறுக்கியதுபோல் கோடுகள் தெரிந்தால், கிராபிஸ் வகை லைக்கனாக இருக்கலாம். எழுதுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெற்ற பெயர் அது. தாடிபோல் தொங்கும் இழையை மெல்ல இழுக்கும்போது, மேல்தோல் விரிசல்விட்டு உள்ளே வெண்ணிற நரம்பொன்று ரப்பர்போல் நீண்டால், அது உஸ்னியா. விசிறி வடிவப் பூஞ்சையின் அடிப்புறச் செதில்கள் நீளவாக்கில் பிளந்திருந்தால் அது ஸ்கைசோஃபில்லம். வறட்சியில் சுருண்டு, ஈரம் பட்டதும் மீண்டும் விரியும். சிறு கிண்ணத்துள் முட்டைகளை அடுக்கியதுபோல் இருந்தால் அது பறவைக்கூட்டுப் பூஞ்சை. மழைத்துளி கிண்ணத்துள் விழும் வேகமே அந்த ‘முட்டை’களை வெளியே தெறிக்கவிடுகிறது.

மீதிப் பாதிக்குக் கண் போதாது. இலைபோல் விரியும் பார்மோட்ரீமா இனங்கள் பல, பார்வைக்கு உடன்பிறந்தவை. பிளேடால் மேல்தோலைச் சுரண்டி, வெண்ணிற உட்பகுதியில் ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வைத்தால், பார்மோட்ரீமா ரெட்டிகுலேட்டம் மஞ்சளாகிப் பின் சிவக்கும். பார்மோட்ரீமா டிங்டோரம் அதற்கு அசையாது. பிளீச்சிங் பவுடர் கரைசல் பட்டால்தான் சிவக்கும். 1866இல் வில்லியம் நைலாண்டர் தொடங்கிவைத்த இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. அதற்கும் பிடிபடாதவற்றை மயிரிழை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியின் கீழ் வைக்க வேண்டும். ஒரு பையில் எத்தனை வித்துகள், ஒவ்வொன்றிலும் எத்தனை அறைகள், அயோடின் பட்டால் நிறம் மாறுகிறதா என்று கணக்கெடுக்க வேண்டும். ஒரு சுள்ளிக்கு ஒரு நாள் முழுதும் செலவாகலாம்.

இவ்வளவு பாடு எதற்கு என்னும் கேள்விக்கு விடை சமையலறையில் இருக்கிறது. செட்டிநாட்டு மசாலாவில் மணக்கும் கல்பாசி ஒரு லைக்கன். வடக்கே அதற்குத் தகட் பூல், பத்தர் பூல் என்று பெயர். இமயமலைக் காடுகளிலிருந்து மூட்டைகளாகச் சந்தைக்கு வரும் அச்சரக்கில் பல இனங்கள் கலந்தே இருக்கும். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் மணம் போதும், இனப்பெயர் தேவையில்லை. ஆனால் லைக்கன் மிக மெதுவாக வளர்வது. பெரும்பாலானவை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே நீளும். ஒரு மரத்தில் உரித்தெடுத்த இடம் மீண்டும் நிறைய எத்தனை ஆண்டுகளாகும் என்பதும், எடுத்தவற்றுள் அரியது எது என்பதும் பெயர் தெரிந்தால் மட்டுமே கேட்கக்கூடிய கேள்விகள். நிற்கும் மரத்தை உரிக்காமல் விழுந்த கிளையிலிருந்து மட்டும் சேகரிப்பது ஒரு நல்ல நடுவழி. அங்கும் எல்லாவற்றையும் வழித்தெடுத்தால், மட்கும் மரத்தை நம்பிய பூஞ்சைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இந்தியாவில் அறியப்பட்ட லைக்கன் இனங்கள் 2,500க்கும் மேல். இப்பட்டியலுக்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவர் லக்னோவின் தரணி தர் அவஸ்தி. இத்துறையில் இந்தியாவில் மிகச் சிலரே இருந்த காலத்தில் தொடங்கி, மாணவர்களை உருவாக்கி, 2007இல் பெரு லைக்கன்களுக்கான தொகுப்பு நூலையும் தந்தவர். அத்தகைய நூல்களின் திறவுகோல்கள் ‘இது இருந்தால் அங்கே செல்க, இல்லையேல் இங்கே’ என்று படிப்படியாக நடத்திச் செல்லும். சிலவேளை அப்பாதை பெயரில்லாமலே முடிந்துவிடும். அப்போது பொருந்தாத பெயரொன்றைச் சூட்டுவதைவிட, பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. காகித உறையின்மேல் இடம், நாள், மரம், கடல்மட்டத்திலிருந்து உயரம் ஆகியவற்றை எழுதி, இனப்பெயருக்குரிய இடத்தைக் காலியாக விட்டுவைப்பர். பின்னால் வரும் எவரோ ஒருவர் அந்த உறையைத் திறந்து அதை நிரப்பக்கூடும்.