நெல்லிக்கனியும் பிரசங்கியும்

ஆறுதல் கடிதம் எழுதுவதில் எனக்குச் சிறிது பெயர் உண்டு. துக்கம் நேர்ந்த வீட்டுக்கு அனுப்ப, "உங்கள் கையால் நாலு வரி எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். கதை எழுதுகிறவன் அல்லவா? கதையில் ஒருவன் செத்தால் அதற்கு ஒரு காரணம் வைத்துவிடுவது எங்கள் தொழில். அந்தத் தொழில் புத்தி என்னை ஒருமுறை நன்றாகத் தண்டித்தது.

அதியமான்கோட்டையில் எனக்கு ஒரு நண்பன். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். ஒரே வேதப் புத்தகத்தை இருவரும் வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போனவர்கள். அவனுடைய ஒரே மகன், 23 வயதுப் பிள்ளை, தொப்பூர்க் கணவாயில் ஒரு விபத்தில் போய்விட்டான். செய்தி கேட்டதும் நான் புறப்பட்டிருக்க வேண்டும். தொடர்கதையின் கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது. ஆகவே கடிதம் எழுதினேன். நாலு பக்கம். நீதிமொழிகளிலிருந்து கொஞ்சம், யோபுவிலிருந்து கொஞ்சம். உலகமே மாயை என்று பிரசங்கி சொல்லியிருக்கும்போது நாம் கலங்கலாமா என்று முத்தாய்ப்பு.

பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. அதில் ஒரே வரி: "என் மகன் மாயை இல்லை."

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவனுக்கு எழுத எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் அந்த ஒரு வரி என்னை மறுபடியும் வேதத்தின் ஞான நூல்களுக்குள் தள்ளிவிட்டது. இம்முறை மேற்கோள் தேடிப் போகவில்லை, குற்றவாளியாகப் போனேன்.

முதலில் யோபு. அவனுக்கு எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள். ஏழு பகல், ஏழு இரவு வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுதான் அவர்கள் செய்த நல்ல காரியம். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. 42 அதிகாரம் கொண்ட அந்தப் புத்தகத்தின் முடிவில் கடவுளுடைய கோபம், அவரிடம் முறையிட்ட யோபுவின்மேல் மூளவில்லை. அவருக்காக வக்காலத்து வாங்கியவர்கள்மேல் மூண்டது. யோபு கேட்ட 'ஏன்' என்ற கேள்விக்கோ கடைசிவரை விடை இல்லை. நான் நாலு பக்கத்தில் விடை எழுதியவன்!

அடுத்தது பிரசங்கி. 1871-இல் வெளிவந்த, நம் பாட்டன்மார் கையில் தவழ்ந்த, தமிழ் வேதாகமம் அவர் வாயில் 'மாயை' என்ற சொல்லை வைத்தது. 1995-இல் வந்த திருவிவிலியம் 'வீண்' என்றது. மாயை என்றதும் தமிழனுக்குப் பொய்த்தோற்றம் என்றுதான் படும். ஆனால் எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'ஹெபெல்'. மூச்சு, ஆவி என்பது அதன் பொருள். மார்கழிக் காலையில் வாயிலிருந்து புகைபோல எழுந்து கலைகிறதே, அது பொய்யா? இல்லை. பிடித்து வைக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆதாமின் மகன் ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் அதே சொல்தான். வேதத்தில் வரும் முதல் மரணம் ஒரு மகனுடைய மரணம். அந்த மகனுக்கு மூச்சு என்று பெயர்.

விருந்து வீட்டைவிடத் துக்க வீட்டுக்குப் போவது நல்லது என்று அதே பிரசங்கி சொல்வதையும் அப்போதுதான் கவனித்தேன். மறுநாள் பெட்டியைக் கட்டினேன்.

சேலத்தில் பஸ் ஏறினால் தொப்பூர்க் கணவாயைத் தாண்டித்தான் அதியமான்கோட்டைக்குப் போக வேண்டும். வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வாங்கண்ணா" என்றாள் நண்பனின் மனைவி. அவன் தலையை மட்டும் அசைத்தான். நான் ஒன்றும் பேசாமல் அவனருகே திண்ணையில் உட்கார்ந்தேன். அன்று தேய்பிறை அஷ்டமி. காலபைரவர் கோயிலுக்குப் பூசணிக்காய் விளக்கேற்ற வந்த கூட்டம் தெருவில் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முகத்திலும் ஏதோ ஒரு கவலை.

வெகுநேரம் கழித்து அவனே பேசினான்.

"ஊருக்குப் பேரே அதியமானால்தான். ஆயுளை வளர்க்கும் நெல்லிக்கனி கிடைத்தது. தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கொடுத்தவன் போரில் செத்தான். தின்றவள் உயிரோடிருந்து அவனுக்காக அழுது பாடினாள். அதை யார் சொல்கிறார்கள்? நீண்ட ஆயுள் யாருக்கு வேண்டும், சொல்லு?"

புறநானூற்றில் கனி கொடுத்தவனை வாழ்த்தும் ஔவையின் பாட்டு 91-வது. அவன் மறைவுக்கு அவள் அழுத பாட்டுகளும் அதே நூலில்தான் உள்ளன. இரண்டையும் படித்திருக்கிறேன், சேர்த்துப் பார்த்ததில்லை. பெற்ற வயிறு எரிகிறவனுக்குத்தான் அது தெரிந்தது.

நான் விடை சொல்லவில்லை. "உனக்கு எழுதியது தப்பு" என்றேன். பிறகு ஆபேலைப் பற்றி, மூச்சைப் பற்றி, திக்கித் திக்கிச் சொன்னேன்.

"ஆபேலும் அந்தச் சொல்தானா?" என்று கேட்டான்.

"அதேதான்."

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். எனக்கும் கண் நிறைந்தது. லாசருவின் கல்லறைக்குப் போன இயேசு அவனை எழுப்புமுன் அழுதார் என்று யோவான் எழுதுகிறார். எழுப்பும் வல்லமை உள்ளவரே முதலில் அழுதிருக்க, அந்த வல்லமை இல்லாத நான் அழாமல் உபதேசம் செய்திருந்தேன்.

உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். சுடச்சுட ராகிக் களி, கொள்ளுச் சாறு. மூவரும் உட்கார்ந்தோம். வாழ்வு மூச்சுப்போல மறைவது என்று சொன்ன அதே பிரசங்கி, உன் அப்பத்தைச் சந்தோஷத்தோடு சாப்பிடு, அது கடவுள் உனக்குக் கொடுத்த பங்கு என்கிறார். இரண்டும் எப்படி ஒரே வாயிலிருந்து வந்தன என்று முன்பெல்லாம் திகைத்ததுண்டு. அந்தத் துக்க வீட்டில் திகைக்கத் தோன்றவில்லை. பிடித்து வைக்க முடியாத ஒன்றை, அது கையில் இருக்கும்போதே கொடுக்கவும் வாங்கவும் வேண்டும். அதியமான் கனியைக் கொடுத்ததும் அப்படித்தான்.

"ரொம்ப நாளைக்கப்புறம் இன்னைக்குத்தான் ரெண்டாவது உருண்டை வாங்கறாரு" என்றாள் அவள் மெல்ல.

நான் தலைநிமிராமல் களியைச் சாற்றில் தோய்த்துக்கொண்டிருந்தேன்.