குறிஞ்சி மலரும் ஓர் ஏமாற்றமும்

நாவல் வாசிப்பதற்கு நீண்ட ஓய்வு வேண்டும் என்பர். கலைப்பீட மாணவருக்கு அவ்வோய்வு நிறைய உண்டு என்ற எண்ணமும் வெளியே நிலவுகின்றது. உண்மையில் விரிவுரை, ஒப்படை, பரீட்சை என்பவற்றுக்கிடையே எமக்குக் கிடைப்பவை துண்டு துண்டான பொழுதுகளே. கடந்த அரையாண்டில் நான் வாசித்த நூல்களிற் பெரும்பாலானவை கண்டிக்கும் வவுனியாவுக்கும் இடையிலான பஸ் பயணங்களில் வாசிக்கப்பட்டவை. இவ்வாறு நேரம் தேடி வாசிப்பவரை ஒரு நூல் ஏமாற்றிவிடின், அவ்வேமாற்றம் சற்று ஆழமாகவே தைக்கும். அத்தகைய ஓர் ஏமாற்றத்தின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், பாடத்தின் பொருட்டுப் பேராசிரியர் க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) என்ற நூலை வாசித்தேன். நாவலை அது தோன்றிய சமூகத்தோடு சேர்த்து நோக்கும் பழக்கத்தை அந்நூல் தந்தது. அதனைத் தொடர்ந்து கே. டானியலின் 'பஞ்சமர்' (1972), அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973), தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974) ஆகிய மூன்று நாவல்களை வாசித்தேன்.

'பஞ்சமர்' கட்டுக்கோப்பான நாவல் என்று கூறுவதற்கில்லை. பாத்திரங்கள் கூட்டமாக வந்து போகின்றனர். விட்ட இடத்திலிருந்து தொடங்கும்போதெல்லாம் முன்பக்கங்களைப் புரட்டவேண்டியிருந்தது. ஆயினும், யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையை அனுபவித்தவரின் கோபம் அதன் ஒவ்வோர் அத்தியாயத்திலும் உண்டு. 'நிலக்கிளி' அளவிற் சிறியது. தண்ணிமுறிப்புக் காட்டோரத்தில் வளரும் பதஞ்சலி, தாழப் பறந்து எளிதில் அகப்பட்டுக்கொள்ளும் அப்பறவையைப் போன்றவள். அவளுடைய தடுமாற்றத்தை ஆசிரியர் பரிவோடு நோக்குகின்றார். 'காலங்கள் சாவதில்லை' மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை நெருங்கி நின்று காட்டுவது. பஸ் யன்னலூடாகத் தெரியும் தேயிலை மலைகளை அதன்பின் வெறும் இயற்கைக் காட்சியாக என்னாற் பார்க்க முடியவில்லை.

நிற்க. என்னை ஏமாற்றிய நாவல் நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' ஆகும். 'மணிவண்ணன்' என்ற புனைபெயரில் 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்து, பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி எனப் பெயர் சூட்டுமளவிற்கு வாசகரை ஆட்கொண்ட நாவல் அது. எங்கள் வீட்டிலும் அதற்குத் தனியிடம் உண்டு. அம்மாவின் தந்தையார் இறந்தபோது அம்மாவுக்கு வயது பதினாறு. மூத்த பிள்ளையாகையால் படிப்பை நிறுத்தித் தையல் மெசினின் முன் அமர்ந்தார். தம்பியர் இருவரும் படித்து உத்தியோகமாயினர். அந்நாட்களில் அம்மா இரவல் வாங்கி வாசித்த நூல் இது. தந்தையை இழந்து, தம்பியரையும் தங்கையையும் தாங்கும் பூரணியில் அவர் தம்மையே கண்டதில் வியப்பில்லை. நானும் பெரும் எதிர்பார்ப்போடுதான் அந்நூலைத் திறந்தேன்.

பசி மயக்கத்தால் மதுரை வீதியிற் பூரணி விழும் இடம் உண்மையானது. அதன்பின் ஆசிரியர் அவளை உயரத் தூக்கிவிடுகின்றார். அவள் மேடையிற் பேசுகின்றாள், தொண்டு செய்கின்றாள், தேர்தலிலும் நிற்கின்றாள். அரவிந்தன் காய்ச்சலில் இறந்தபின், மணமாகாமலே கைம்மை நோற்கின்றாள். ஊரில் நடக்கும் அநீதி கண்டு சினக்கும் அவள், தன் தலையில் விழுந்த சுமை கண்டு சினப்பதில்லை. இச்சுமை ஏன் தனக்கு மட்டும் உரியதாயிற்று என்ற கேள்விக்கு நாவலில் இடமே இல்லை. பழந்தமிழ்ப் பாடல்களும் பொன்மொழிகளும் அக்கேள்வி எழவேண்டிய இடத்தை நிரப்பிவிடுகின்றன.

இலட்சியம் பேசுவது ஒரு நாவலுக்குக் குற்றமாகாது. 'பஞ்சமர்' இலட்சியத்தோடு எழுதப்பட்ட நாவலே. ஆனால் சுமையைச் சுமத்தியவர் யார் என்று டானியல் கேட்கின்றார். 'குறிஞ்சி மலர்' சுமப்பவளுக்கு மாலை சூட்டுவதோடு அமைதி கொள்கின்றது. அம்மாலையின் பயனை எங்கள் வீட்டிலேயே காணலாம். மாமன்மார் இன்றும் அம்மாவை "எங்கட வீட்டுப் பூரணி" என்று புகழ்வர். அவர் விட்ட படிப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை. புகழ்ச்சியோடு கடன் தீர்ந்துவிட்டதாகக் கருதும் வழக்கத்திற்கு இத்தகைய நாவல்கள் துணைபோகின்றன என்பதே என் ஏமாற்றத்தின் அடிப்படையாகும்.

இதனை அம்மாவிடம் கூறினேன். அவர் தைத்துக்கொண்டே, "அந்த நாளையிலை எங்களைப் போல ஆக்களைப் பற்றி ஒருத்தர் எழுதினதே பெரிசு, பிள்ளை. பூரணிக்குக் கோவம் வந்திருந்தால் எனக்கும் வந்திருக்கும். பிறகு ஆர் தைக்கிறது?" என்றார்.

இம்மறுமொழி நாவலைப் பற்றிய என் கருத்தை மாற்றவில்லை. ஆயினும், ஒரு நூல் இலக்கியமாகத் தோற்ற இடத்திலும் ஒருத்திக்கு ஊன்றுகோலாக இருந்திருக்கலாம் என்பதை அது உணர்த்தியது. இலட்சிய நாவல்களைப் போலி என ஒரே சொல்லால் ஒதுக்கிவிடும் நம் வகுப்பறை விமரிசனம், அவற்றைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தவர்களையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகின்றது. அந்நாவல்கள் யாருடைய எத்தேவையை நிறைவு செய்தன, எக்கேள்வியை எழவிடாது தடுத்தன என்ற இரண்டையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும்.

தையல் மெசினின் முன் கோபத்தை அடக்கி அமர்ந்திருந்த மூத்த பெண்ணின் கதையை நான் வாசித்த நாவல்களில் இன்னும் காணவில்லை. அதுவரையில், அம்மா கேட்டவாறு 'நிலக்கிளி'யை அவரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கின்றேன். பதஞ்சலியைப் பற்றி அவர் என்ன சொல்லப்போகின்றார் என்பதை அறிய அடுத்த விடுமுறையை எதிர்பார்த்திருக்கின்றேன்.