பதினாறு வயதுக்கு நாற்காலி எங்கே?

சனிக்கிழமை காலைகளில் பெங்களூர் கப்பன் பூங்காவில் ஒரு விசித்திரமான கூட்டம் கூடுகிறது. மேடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, தலைமை உரை கிடையவே கிடையாது. மர நிழலில் போர்வையை விரித்து, ஆளுக்கொரு புத்தகத்துடன் உட்கார்ந்தும் படுத்தும் வாசிக்கிறார்கள். யாரும் யாருடனும் பேசுவதில்லை. 2023 ஜனவரியில் ஹர்ஷ் ஸ்நேஹான்ஷு, ஷ்ருதி சாஹ் என்ற இருவர் தொடங்கிவைத்த 'கப்பன் ரீட்ஸ்' இது. சில மாதங்களிலேயே நாட்டின் பல நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. வருபவர்களில் பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள். கையில் இருக்கும் புத்தகம் சொந்தக் காசில் வாங்கியது.

இதே பூங்காவுக்குள் ஒரு பொது நூலகம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. சிவப்புச் சுவர்களும் வெள்ளைத் தூண்களும், எதிரே ரோஜாத் தோட்டமுமாக நிற்கும் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம் 1915இல் எழுந்தது. 1883 முதல் 1901 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்து, சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு வித்திட்ட பாலக்காட்டுக்காரர் அவர். வெளியே நிற்கும் சிலை மண்டபத்துக்கும் மூத்தது. 1913இல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு திறந்துவைத்தார். மண்டபம் இன்று கர்நாடக அரசின் மாநில மத்திய நூலகம்.

உள்ளே நுழைந்தால் ஆள் இல்லாமல் இல்லை. நாளிதழ் மேஜைகளில் ஓய்வு பெற்றவர்கள். மற்ற மேஜைகளில் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள். அவர்களில் பலருக்கு நூலகத்தின் புத்தகம் தேவையில்லை. தேவை ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி, கொஞ்சம் அமைதி. வீட்டில் படிக்க இடமில்லாதவனுக்கு இது சாதாரண உதவி அல்ல, குறை சொல்வதற்கில்லை. சிறு குழந்தைகளுக்கும் வழி இருக்கிறது. இந்திரா பிரியதர்சினி பெயரில் தனிச் சிறுவர் நூலகமே உண்டு.

இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறவர்கள் பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை உள்ளவர்கள். படக்கதை அலமாரி அவர்களுக்குக் கௌரவக் குறைவு. பெரியவர்கள் பகுதியில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் மேஜைக்கு மேஜை தலைகள் நிமிரும். அந்த வயதில் தனியாக எங்கும் போகவும் பிடிக்காது. நண்பன் வந்தால்தான் இவனும் வருவான், இருவரும் வந்தால் பேசாமல் இருக்க மாட்டார்கள். கர்நாடகத்தில் இந்த வயதை எஸ்.எஸ்.எல்.சி., பி.யு., சி.இ.டி., நீட் என்று தேர்வுகள் குத்தகைக்கு எடுத்திருக்கின்றன. மிச்ச நேரம் கைபேசிக்கு. பிள்ளைகள் படிப்பதே இல்லை என்ற புலம்பல் வீட்டுக்கு வீடு கேட்கிறது. அவர்கள் உட்காரும்படி ஓர் இடம் ஊரில் இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு.

இந்த ஊருக்கு அந்தக் கேள்வி நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தது பெங்களூரில்தான். சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1962இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972இல் இங்கேயே காலமானார். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளின் சாரம் எளியது: புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது, நூலகம் வளரும் உயிர். இதில் மூன்றாவது விதிதான் நூலகருக்குச் சங்கடமானது. புத்தகத்தை அடுக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் போதாது, எழுந்து போய் ஆளைத் தேட வேண்டும் என்கிறது அது.

அப்படித் தேடிப் போன கதை நகரத்தில் அல்ல, கர்நாடகக் கிராமங்களில் நடந்தது. ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமப் பஞ்சாயத்து நூலகங்கள் 2019இல் ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்து ராஜ் துறையின் கைக்கு வந்தன. மறு வருடம் கொரோனா; பள்ளிகள் மூடிக்கிடந்தன. 2020 நவம்பரில், துறையின் முதன்மைச் செயலராக இருந்த உமா மகாதேவன் முன்னின்று நடத்த, 'ஓதுவ பெளகு' தொடங்கியது. வாசிப்பின் வெளிச்சம் என்று தமிழில் சொல்லலாம். ஆறு முதல் பதினெட்டு வயதுவரை யாருக்கும் நூலகத்தில் இலவச உறுப்பினர் அட்டை. பொதுமக்களிடமிருந்து புத்தகங்கள் திரட்டப்பட்டன. அழுது வடிந்த சுவர்களுக்கு வண்ணம் பூசினார்கள். வாசிப்போடு நிற்கவில்லை: கதை சொல்வது, ஓவியம், சதுரங்கம் எல்லாம் உள்ளே வந்தன. நூலகங்களுக்கே 'அறிவு கேந்திரா' என்று பெயர் மாறியது.

இதில் கவனிக்க வேண்டியது அந்தப் பதினெட்டு என்ற எண். பன்னிரண்டோடு கோடு போட்டிருந்தால் இது இன்னொரு சிறுவர் திட்டமாகப் போயிருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குத் தன் பெயரில் ஓர் அட்டை கிடைக்கிறது என்றால், கிராமத்தில் அதன் அர்த்தமே வேறு. பையன்களுக்குக் கடைத்தெருவும் கிரிக்கெட் மைதானமும் உண்டு. பெண் மாலையில் வீட்டைவிட்டு வெளியே போக, பெற்றோர் மறுக்க முடியாத காரணங்கள் ரொம்பக் குறைவு. நூலகம் அதில் ஒன்று.

தலைநகரில் முயற்சிகளே இல்லை என்று சொல்ல முடியாது. அவை பெரும்பாலும் அரசுக்கு வெளியே. 2003இல் உமேஷ் மல்ஹோத்ரா கோரமங்களாவில் 'ஹிப்போகேம்பஸ்' சிறுவர் நூலகத்தைத் தொடங்கினார். அதிலிருந்து முளைத்த அறக்கட்டளை அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையைக் கொண்டுபோனது: எளிதிலிருந்து கடினத்துக்கு, பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை, நீலம், மஞ்சள் என்று புத்தகங்களுக்கு வண்ணம். பிள்ளை வகுப்பைப் பார்த்து அல்ல, வாசிக்கும் திறனைப் பார்த்துப் படியேறும். நல்ல ஏணி. மஞ்சளைத் தாண்டியவர்கள் எங்கே போவது என்பதுதான் பாக்கி. குப்பை பொறுக்கும் தொழிலாளர்களுக்காக உழைக்கும் 'ஹசிரு தளா' அமைப்பு அவர்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக நடத்தும் நூலகத்தின் பெயர் 'புகுரி', கன்னடத்தில் பம்பரம். பள்ளியிலிருந்து எந்த நிமிடமும் நின்றுவிடக்கூடிய பதினான்கு வயதுக்கு, வேலைக்குப் போவதற்கு முன்னால் நிற்கும் கடைசித் தடுப்பாகக்கூட இப்படிப்பட்ட ஓர் அறை அமையலாம்.

பணமில்லை என்ற பேச்சு பெங்களூருக்குப் பொருந்தாது. 1965இன் கர்நாடகப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு 6 சதவீதம் நூலக வரி வசூலாகிறது. வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் இந்த நூலகங்களின் பங்காளி. மாநகராட்சி வசூலித்ததை நூலகத் துறைக்கு ஒழுங்காகக் கொடுப்பதில்லை என்பது பல வருடப் புகார். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்து துண்டானது. இனி பாக்கிக்கு ஐந்து கதவுகளைத் தட்ட வேண்டும்.

பணம் வந்தாலும் அதை அலமாரியில் கொட்டினால் பிள்ளைகள் வந்துவிடுவார்களா? 2009இல் சிகாகோ நகரப் பொது நூலகம் தன் தலைமைக் கட்டடத்தில் 'யூமீடியா' என்று பதின்வயதினருக்கென்றே ஓர் இடம் ஒதுக்கியது. கணினி, காமிரா, பாட்டுப் பதிவு செய்யும் வசதி. சும்மா உட்கார்ந்து அரட்டை அடிக்கவும் அனுமதி. புத்தகங்களும் அங்கேயே, எட்டும் தூரத்தில். அத்தனை கருவிகளுக்குப் பெங்களூரின் வட்டார நூலகங்களில் இடமிருக்காது. பேச அனுமதியுள்ள ஒரு மேஜை, எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று சொல்லும் உரிமை, சிறுவர்களுக்கு வாசித்துக்காட்டும் பொறுப்பு - இவற்றுக்குச் செலவே இல்லை. வேலை கொடுத்தால் வருகிற வயது அது. உபதேசம் கேட்டால் ஓடுகிற வயதும் அதுதான்.

அல்சூர் ஏரிப் பக்கம் போனால் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை. 1991இலிருந்து 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அருகில் 1950இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம், அதற்கென ஒரு நூலகம். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது, தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். சினிமா வசனம் முழுவதும் ஒப்பிக்கும். சுவரொட்டியில் படத்தின் பெயரைத் தமிழில் படிக்கச் சொன்னால் திணறும். தமிழ்வழிப் பள்ளிகள் தேய்ந்துபோன ஊரில் இது பிள்ளையின் குற்றமல்ல. ரங்கநாதனின் மூன்றாம் விதி இங்கே தெருமுனையில் நின்றுவிடுகிறது. புத்தகம் இருக்கிறது, வாசகர் இருக்கிறார், நடுவில் 247 எழுத்துகள்.

சங்கம் தமிழ் வகுப்புகள் நடத்துகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவுடன் பதினைந்து வயதுப் பையனிடம் குழந்தைப் பாடப் புத்தகத்தை நீட்டினால் அவன் திரும்பி வர மாட்டான். அவன் வயதுக்கேற்ற கதையைத் தாத்தா ஒருவர் உரக்க வாசிக்க, அவன் தன் கைபேசியில் பதிவு செய்து நண்பர்களுக்கு அனுப்பினால்? வாசிக்கத் தெரிந்த முதியவர்களுக்கு அல்சூரில் பஞ்சமில்லை, அவர்களிடம் நேரமும் உண்டு. பையன்களைப் பிடிப்பதுதான் கஷ்டம். பி.யு. இரண்டாம் வருடத்துக்கு ஞாயிற்றுக்கிழமையும் டியூஷன்.